கடிகாரம் சரி, நேரம் பிழை

மைக்ரோசாப்டின் விண்டோஸ் சர்வர் பரீட்சையான ஏஇசட்-800க்காகக் கல்லடி வீட்டில் ஒரே லாப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸ் (ஒரு கணினிக்குள் பல கணினிகளை ஓட்டும் மென்பொருள்) போட்டு, ஒரு விண்டோஸ் சர்வரை டொமைன் கன்ட்ரோலராக்கி (டொமைன் என்ற கணினிக் கூட்டத்தில் யார் நுழையலாம் என்று சரிபார்ப்பது இதுதான்), ஒரு விண்டோஸ் 10 மெஷினைக் கிளையன்டாக அந்த டொமைனில் சேர்க்கப் போனேன். பாஸ்வேர்டு கொடுத்ததும் கிளையன்டுக்கும் சர்வருக்கும் நேர வித்தியாசம் என்று எரர். பார்த்தால் இரண்டிலும் இரவு 9.40!

அதனால் எரரையே நம்பாமல், கணினிப் பெயரை முகவரியாக்கும் டிஎன்எஸ்ஸைக் கிண்டினேன். கிளையன்டின் டிஎன்எஸ் சர்வர் முகவரி சரி, பிங் போகிறது, ஃபயர்வாலை நிறுத்தியும் பலனில்லை. கிளையன்டை அழித்துப் புதிதாகவும் போட்டேன். மூன்று இரவு போச்சு, நடுவில் மழைக்குக் கரண்டும் போச்சு.

"மச்சான், மணியைப் பார்க்காத, டைம் சோனைப் பார்" என்றான் கூட்டாளி. கிளையன்டில் ஸ்ரீ ஜெயவர்தனபுர (இலங்கை நேரம்), அதாவது உலகப் பொது நேரமான யுடிசி+5:30. சர்வரில் நான் தொடவே தொடாத பசிபிக் நேரம், யுடிசி-8. விர்ச்சுவல்பாக்ஸ் லாப்டாப்பின் மணியை அப்படியே கொடுக்க, சர்வர் அதைப் பசிபிக் மணி என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. டொமைனில் அடையாளத்தைச் சரிபார்க்கும் முறையான கெர்பரோஸ் பார்ப்பது யுடிசியை, அது வழக்கமாகப் பொறுப்பது 5 நிமிடம்தான். இங்கே பதின்மூன்றரை மணித்தியாலம்.

சோனை மாற்றியதும் சர்வர் மணி மறுநாள் காலை 11.10க்குத் தாவியது. இதைக் கண்டு பயந்து திரும்ப மாற்றிவிடாதீர்கள். கையால் இரவு 9.40க்குக் கொண்டுவந்து, இரண்டையும் ரீஸ்டார்ட் செய்தேன். முதல் தடவையிலேயே சேர்ந்தது. அப்பாடா.