ஒயரைப் பிடுங்கினாலும் ஆப்ஜெக்ட் உயிரோடுதான் இருக்கும்: டிவைஸ் டிரைவரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸில் டிரைவர் எழுதத் தொடங்கும் பலர் சாதனத்தின் ஆயுளையும் அதற்காக மெமரியில் இருக்கும் ஆப்ஜெக்டின் ஆயுளையும் ஒன்றாகவே நினைத்துவிடுகிறார்கள். யூஎஸ்பி ஒயரைப் பிடுங்கியதும் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) நம் டிஸ்கனெக்ட் ஃபங்ஷனை அழைக்கும். அங்கேயே கேஃப்ரீ (மெமரியை விடுவிக்கும் ஃபங்ஷன்) போட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் அந்த நேரத்தில் ஏதோ ஒரு புரோகிராம் டிவைஸ் ஃபைலைத் திறந்து வைத்திருக்கலாம்.

என் முதல் டிரைவர் இப்படித்தான் விழுந்தது. ஒயரைப் பிடுங்கியபோது ஒன்றும் ஆகவில்லை. அரை நிமிடம் கழித்து, ஃபைலைத் திறந்து வைத்திருந்த புரோகிராமை நிறுத்த டெர்மினலில் கன்ட்ரோல்-சி அடித்தேன், மெஷின் அப்படியே நின்றுவிட்டது. தப்பு நடந்தது டிஸ்கனெக்டில், வெடித்தது ஃபைலை மூடும் இடத்தில். நான் இரண்டு நாள் தவறான ஃபங்ஷனையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

கெர்னலோடு வரும் யூஎஸ்பி-ஸ்கெலிட்டன் என்ற மாதிரி டிரைவரைத் திறந்து பாருங்கள். அதன் ஸ்ட்ரக்சருக்குள் ஒரு கேரெஃப், அதாவது அந்த ஆப்ஜெக்டை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணும் கவுண்டர், இருக்கிறது. சாதனத்தைச் செருகியதும் ஓடும் புரோப் ஃபங்ஷன் முடிந்ததும் எண்ணிக்கை 1. ஒருவர் ஃபைலைத் திறந்தால் 2. ஒயர் போனதும் டிஸ்கனெக்ட், லாக்கை (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விடும் பூட்டு) பிடித்து ‘சாதனம் போய்விட்டது’ என்று ஒரு ஃபிளாக் வைத்துவிட்டுத் தன் பங்கை மட்டும் கழிக்கிறது. மறுபடி 1. அதன் பிறகு ரீட் வந்தால், அதே லாக்கைப் பிடித்து ஃபிளாக்கைப் பார்த்து ‘சாதனம் இல்லை’ என்று திருப்பி அனுப்பிவிடும். ஃபைல் மூடும்போது எண்ணிக்கை 0, அப்போதுதான் மெமரி விடுபடும். அந்த ஃபிளாக்கை விட்டுவிடாதீர்கள். எண்ணிக்கை மெமரியைத்தான் காக்கும். ஹார்டுவேர் இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது.

டெவ்எம் வகை ஃபங்ஷன்களில் எடுத்த மெமரியிலும் இதே பள்ளம் இருக்கிறது. டிரைவர் சாதனத்தை விட்டுப் பிரியும்போது அது தானாக விடுபடும், கடைசி ஃபைல் மூடும்வரை காத்திருக்காது. இன்டரப்டுக்கும் (சாதனம் கெர்னலைக் கூப்பிடும் சிக்னல்) ரிஜிஸ்டர் மேப்பிங்குக்கும் (சாதனத்தின் ரிஜிஸ்டர்களை மெமரி முகவரியில் காட்டுவது) அது நல்ல வசதி. ஃபைல் திறந்திருக்கும்வரை தேவைப்படும் ஸ்ட்ரக்சரை மட்டும் அதில் வைக்கக் கூடாது.

அடுத்து, சாதனத்தைக் கெர்னலில் பதிவு செய்யும் டிவைஸ்_ரிஜிஸ்டர் தோற்றுப்போகும் இடம். பதிவே ஆகவில்லையே, நேராக கேஃப்ரீ போடலாம் என்று தோன்றும். கூடாது. அந்த ஃபங்ஷன் உள்ளே நுழைந்ததுமே எண்ணிக்கையை 1 ஆக்கிவிடுகிறது. அதனால் தோற்றாலும் எண்ணிக்கையைக் கழிக்கும் புட்_டிவைஸ்தான். எண்ணிக்கை 0 ஆனதும் அழைக்கப்படும் ரிலீஸ் ஃபங்ஷன் மெமரியை விடுவிக்கும், அதற்குப் பின் நாம் மறுபடி விடுவிக்கவும் கூடாது. ரிலீஸ் ஃபங்ஷன் இல்லை என்று கெர்னல் எச்சரித்தால், வாயை அடைக்க வெற்று ஃபங்ஷன் ஒன்றை எழுதி வைப்பவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

தேடித் தரும் ஃபங்ஷன்கள் பெரும்பாலும் ஒரு ரெஃபரன்ஸை, அதாவது எண்ணிக்கையில் ஒரு பங்கை, எடுத்துத்தான் கையில் தருகின்றன, பஸ்_ஃபைண்ட்_டிவைஸ் அப்படித்தான். டிவைஸ் ட்ரீயின் (போர்டில் என்ன ஹார்டுவேர் இருக்கிறது என்று சொல்லும் மரம் போன்ற விவரம்) பிள்ளை நோடுகளைச் சுற்றிவரும் லூப்பில் ஒவ்வொரு சுற்றிலும் பழைய நோடை லூப்பே விட்டுவிடும். ஆனால் நடுவில் பிரேக்கோ ரிட்டர்னோ போட்டால் கையில் இருக்கும் நோடை நாம்தான் விட வேண்டும். எனக்குத் தெரிந்து அதிகம் மறக்கப்படுவது இதுதான்.

இப்படி விட்டுப்போன ஒரு ரெஃபரன்ஸ் கொஞ்சம் மெமரியைத்தானே தின்னும் என்று அலட்சியமாக இருந்த காலம் உண்டு. 2016 ஜனவரியில் வெளியான சிவிஈ-2016-0728 என்ற பாதுகாப்புக் குறைபாடு அதற்குப் பதில் சொன்னது. டிரைவரில் இல்லை, கெர்னலின் கீரிங் (சாவிகளைச் சேமித்து வைக்கும்) பகுதியில் ஒரு பாதையில் மட்டும் எண்ணிக்கையைக் கழிக்கத் தவறியிருந்தார்கள். அதே அழைப்பைச் சுமார் 429 கோடி தடவை செய்தால் 32 பிட் எண்ணிக்கை சுற்றி 0-க்கு வந்துவிடும், பயன்பாட்டில் இருக்கும்போதே மெமரி விடுபட்டுவிடும். சாதாரணப் பயனர் அதை வைத்து ரூட் (முழு அதிகாரம் உள்ள பயனர்) ஆக முடிந்தது. 2017-இல் கெர்னல் 4.11 பதிப்பில் வந்த ரெஃப்கவுண்ட்_டி என்ற எண்ணிக்கை வகை, உச்சத்தைத் தொட்டால் சுற்றாமல் அங்கேயே நின்றுவிடும். இப்போது கேரெஃப் உள்ளே இருப்பதும் அதுதான். வெறும் அட்டாமிக் எண்ணை வைத்து நீங்களே கணக்குப் போடாதீர்கள்.

லிஸ்ட்டில் தேடி எடுப்பதில் இன்னொரு சிக்கல். நீங்கள் பாயிண்டரைப் பிடிப்பதற்கும் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கும் நடுவில் இன்னொருவர் கடைசி ரெஃபரன்ஸை விட்டுவிடலாம். எண்ணிக்கை 0 இல்லாவிட்டால் மட்டும் கூட்டும் கேரெஃப்_கெட்_அன்லெஸ்_ஜீரோ இதற்காகத்தான். ஆனால் அதை அழைக்கும் நொடியில் அந்த மெமரி இருந்தாக வேண்டுமே? அதனால் லாக்கோ ஆர்சியூவோ (படிப்பவர்கள் முடிக்கும்வரை மெமரியை விடுவிக்காமல் வைக்கும் முறை) கூடவே வேண்டும்.

சரி, உங்கள் டிரைவரை எப்படிச் சோதிப்பது? கேசானையும் (மெமரி தவறுகளைக் கண்டுபிடிக்கும் கருவி), கேஆப்ஜெக்ட் (டிவைஸுக்குள் இருக்கும் அடிப்படை ஆப்ஜெக்ட்) ரிலீஸைச் சில வினாடி தாமதப்படுத்தும் டிபக் வசதியையும் போட்டு கெர்னலைக் கட்டுங்கள். ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒயரைப் பிடுங்குங்கள். பத்து வினாடி விட்டு ஒரு ரீட் செய்யுங்கள், அப்புறம் ஃபைலை மூடிவிட்டு, கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜைப் பாருங்கள்.