வெளிநாட்டுப் பயணத்தில் இ-சிம்: சென்னை எண்ணை அணைக்காமல் டேட்டாவை மட்டும் மாற்றிக்கொள்ளும் முறை

சென்னை காலடிப்பேட்டையில் எங்கள் தெருவிலிருந்து மகளின் பிரசவத்துக்காகச் சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ புறப்படும் தாய்மார்கள், ஊறுகாயையும் பிரசவ லேகியத்தையும் பெட்டியில் அடுக்கி முடித்ததும் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: அங்கே இறங்கியதும் போனில் இணையம் வருமா? முன்பெல்லாம் இதற்கு ஒரே வழிதான் இருந்தது. போய் இறங்கிய விமான நிலையத்தில் வரிசையில் நின்று உள்ளூர் சிம் ஒன்றை வாங்கி, சென்னை சிம்மை ஊசியால் குத்தி வெளியே எடுத்து, அதை ஒரு காகிதத்தில் மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொள்வார்கள். திரும்பி வரும்வரை அந்த எண்ணுக்கு வங்கியின் ஓடிபி வராது. பல நேரங்களில் காகிதத்தோடு சிம்மும் தொலைந்துபோகும். இ-சிம் வந்தபிறகு சென்னை சிம்மைக் கழற்ற வேண்டிய தேவையே இல்லை. ஆனால் இரண்டு இணைப்புகளுக்கும் எந்தெந்த வேலை என்பதைப் புறப்படும் முன்பே சரியாகப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். அதில் தவறினால், வசதிக்காக வாங்கிய இ-சிம்மே வீண் செலவுக்குக் காரணமாகிவிடும்.

இ-சிம் என்பது போனின் உள்ளேயே பதிக்கப்பட்ட ஒரு சிறிய சில்லு. அட்டையை மாற்றுவதற்குப் பதிலாக, தொலைபேசி நிறுவனத்தின் இணைப்பு விவரங்களை இணையம் வழியாக அந்தச் சில்லுக்குள் இறக்கிக்கொள்கிறோம். கூகுளின் பிக்சல் 2 போனில் 2017-இலும், ஐபோன் எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் ஆகியவற்றில் 2018-இலும் இது வந்தது. சாம்சங்கின் கேலக்ஸி எஸ்20 வரிசையிலும் அதற்குப் பிந்தைய உயர்விலைப் போன்களிலும் உண்டு. குறைந்த விலை ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் இன்னும் இல்லை. உங்கள் போனில் இருக்கிறதா என்று பார்க்க, அழைப்புத் திரையில் *#06# என்று அழுத்துங்கள். ஐஎம்இஐ எண்களோடு ‘ஈஐடி’ என்ற பெயரில் 32 இலக்க எண் ஒன்றும் தெரிந்தால் சில்லு இருக்கிறது என்று பொருள். அதன்பின் செட்டிங்ஸில் சிம் பகுதிக்குப் போய், இ-சிம் சேர்ப்பதற்கான தெரிவு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இரண்டும் இருந்தால்தான் பணம் கட்ட வேண்டும்.

நம் பகுதியில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பர்மா பஜாரிலோ, வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் மூலமாகவோ வாங்கிய போன்களை வைத்திருப்பவர்கள் இங்கே நிறைய இருக்கிறார்கள். சீனாவில் விற்பதற்காகத் தயாரான ஐபோன்கள் பலவற்றில் இரண்டு சிம் அட்டைகள் போடலாம். இ-சிம் வசதி இருக்காது. அமெரிக்காவில் தவணை முறையில் வாங்கப்பட்ட போன்கள் அந்த ஊர் நிறுவனத்தின் சிம்மை மட்டுமே ஏற்கும்படி பூட்டப்பட்டிருக்கக்கூடும். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று போனால் ‘கேரியர் லாக்’ என்ற வரி இருக்கும். அதில் ‘நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்’ என்று இருந்தால் பூட்டு இல்லை. வேறு எதுவாக இருந்தாலும் பயண இ-சிம் வேலை செய்யாது.

அடுத்தது எந்தத் திட்டத்தை வாங்குவது என்பது. இந்தியாவில் இருந்துகொண்டு வெளிநாட்டு சிம்மையோ இ-சிம்மையோ விற்பவர்களுக்குத் தொலைத்தொடர்புத் துறையின் தடையில்லாச் சான்று வேண்டும். அது இல்லாத காரணத்தால் 2024 ஜனவரியில் உலகளவில் பெயர்பெற்ற இரண்டு இ-சிம் செயலிகள் இங்குள்ள செயலிக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டன. ஆகவே முறையான அனுமதியோடு விற்பவரிடம் வாங்குவதே நல்லது. அவர்கள் கடவுச்சீட்டின் நகலைக் கேட்டால் தயங்க வேண்டாம். விலையைப் பார்க்கும் முன் திட்டத்தின் செல்லுபடிக் காலம் எப்போது தொடங்குகிறது என்பதைப் படியுங்கள். சில திட்டங்களில் போனில் பதிவு செய்த நொடியிலிருந்தே நாள் ஓடத் தொடங்கும். சிலவற்றில் அந்த நாட்டின் நெட்வொர்க்கோடு முதன்முதலில் இணையும்போதுதான் தொடங்கும். இரண்டாம் வகை கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

நாடுகளின் பட்டியலையும் கவனியுங்கள். சிங்கப்பூரில் தங்கியிருப்பவர்கள் ஒருநாள் ஜொகூர் பாருவுக்குப் போய் வருவது வழக்கம். சிங்கப்பூருக்கு மட்டும் வாங்கிய திட்டம், உட்லண்ட்ஸ் பாலத்தைத் தாண்டி மலேசிய நெட்வொர்க் பிடித்ததும் நின்றுவிடும். அப்படிப் போகும் எண்ணம் இருந்தால் இரு நாடுகளையும் சேர்த்த திட்டமாக வாங்க வேண்டும். பயண இ-சிம்களில் பெரும்பாலானவை டேட்டாவுக்கு மட்டுமே. அவற்றில் அழைப்பதற்கான எண் இருக்காது. வாட்ஸப்பில் பேசுபவர்களுக்கு இது குறையாகத் தெரியாது. ஆனால் துபாய் உள்ளிட்ட ஐக்கிய அமீரகத்தில் உள்ளூர் இணையத்தில் வாட்ஸப் அழைப்புகளுக்குக் கட்டுப்பாடு உண்டு என்பதை வீட்டிலிருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பேச முடியாமல்போனால் அவர்கள் வீணாகப் பதறுவார்கள்.

இரண்டு நாள் வேலைக்காகக் கொழும்புக்குப் போகிறவருக்கு, தன் சொந்த நிறுவனத்தின் ரோமிங் பேக்கே (நம் ஊர் எண்ணையே வெளிநாட்டு நெட்வொர்க்கில் பயன்படுத்தும் திட்டம்) எளிது என்பது என் கருத்து. மூன்று மாதம் பேரக்குழந்தையோடு இருக்கப் போகிறவருக்குப் பயண இ-சிம் முதல் வாரத்துக்கு மட்டும் போதும். பிறகு மகளோ மருமகனோ அந்த ஊரின் சிம் ஒன்றை வாங்கிக் கொடுப்பதுதான் மலிவு. ஒரு வாரம் முதல் மூன்று வாரம் வரையிலான பயணங்களுக்குத்தான் இ-சிம் கச்சிதமாகப் பொருந்துகிறது.

வாங்கியதும் மின்னஞ்சலில் ஒரு க்யூஆர் குறியீடு வரும். இதைப் போனில் ஏற்றும் வேலையை விமான நிலையத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். இ-சிம்மை இறக்குவதற்கு நிலையான இணையம் வேண்டும். பாதியில் அறுந்துபோனால் சிக்கல், ஏனென்றால் பெரும்பாலான குறியீடுகளை ஒருமுறைதான் பயன்படுத்த முடியும். நாள்கணக்கு உடனே தொடங்காத திட்டமாக இருந்தால், முந்தைய நாள் மாலையில் வீட்டு வைஃபையில் அமர்ந்து நிதானமாகச் செய்யுங்கள்.

என் சித்தி சிங்கப்பூர் கிளம்பிய முந்தைய நாள் மாலை அவர்கள் வீட்டில் நான் செய்தது இதுதான். குறியீடு வந்திருந்ததோ அவருடைய போனில். அதே போனின் கேமராவால் அதைப் படம்பிடிக்க முடியாது. புதிய ஐபோன் மென்பொருளில் குறியீட்டுப் படத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தாலே இ-சிம் சேர்ப்பதற்கான தெரிவு வந்துவிடும். சித்தியின் போன் பழையது என்பதால், தெருமுனை ஜெராக்ஸ் கடையில் அந்தக் குறியீட்டை ஒரு தாளில் அச்செடுத்து வந்து, சாப்பாட்டு மேசையில் விரித்துப் போனைக் காட்டினேன். இரண்டு நிமிடத்தில் திரையில் இரண்டாவது இணைப்பு தோன்றியது. போன் தானாகவே அதற்கு ஒரு பெயரை வைத்தது. அதை மாற்றி, பழைய இணைப்புக்குச் ‘சென்னை’ என்றும் புதியதற்குச் ‘சிங்கப்பூர்’ என்றும் தமிழிலேயே எழுதினேன். “ஏம்பா, அப்போ பழைய நம்பருக்கு மெசேஜ் வருமா, வராதா?” என்று சித்தி கேட்டார். வரும் என்பதை அந்த இரண்டு பெயர்களையும் விரலால் தொட்டுக் காட்டித்தான் விளக்க முடிந்தது. பெயர் வைப்பது சிறிய வேலைதான், ஆனால் வயதானவர்கள் தாங்களாகவே போனைக் கையாள அதுவே பெரும் துணை. அச்செடுத்த தாளையும் அவர்கள் கடவுச்சீட்டு உறையிலேயே வைத்தேன். அதில் உதவி எண்ணும், தேவைப்பட்டால் கையால் உள்ளிட வேண்டிய முகவரியும் இருந்தன.

இ-சிம்மைச் சேர்க்கும்போது போன் சில கேள்விகளைக் கேட்கும். அழைப்புகளுக்கு எந்த இணைப்பு என்று கேட்டால் சென்னை எண்ணைத் தேர்ந்தெடுங்கள். ஐமெசேஜ், ஃபேஸ்டைம் ஆகியவற்றுக்கும் சென்னை எண்ணே இருக்கட்டும். டேட்டாவுக்கு எது என்பதை மட்டும் போய் இறங்கியபிறகு மாற்றிக்கொள்ளலாம்; அதுவரை புதிய இணைப்பை அணைத்தே வைத்திருங்கள்.

இனிச் சொல்வதுதான் பணத்தைக் காப்பாற்றும் பகுதி. ஒவ்வோர் இணைப்புக்கும் ‘டேட்டா ரோமிங்’ என்று தனித்தனியாக ஒரு பொத்தான் உண்டு. சென்னை இணைப்பில் அது கட்டாயம் அணைந்திருக்க வேண்டும். பயண இ-சிம்மில் அது கட்டாயம் எரிந்திருக்க வேண்டும். ரோமிங் என்ற சொல்லைப் பார்த்ததும் பயந்து இரண்டிலும் அணைத்துவிடுகிறவர்கள் பலர். பயண இ-சிம்கள் பெரும்பாலும் வேறொரு நாட்டு நிறுவனத்தின் இணைப்புகளாக இருந்து, நாம் போகும் நாட்டில் ரோமிங் முறையில்தான் இயங்குகின்றன. ஆகையால் அதில் ரோமிங்கை அணைத்தால் சிக்னல் முழுதாக இருந்தும் இணையம் வராது. இதற்கு மேல் நாம் வேறு கட்டணம் கட்ட வேண்டியதில்லை. திட்டத்தின் விலைக்குள்ளேயே இது அடங்கியிருக்கிறது.

இதே இடத்தில் இன்னொரு பொத்தானும் ஒளிந்திருக்கிறது. ஒரு சிம்மில் டேட்டா பலவீனமானால் மற்ற சிம்முக்குத் தானாக மாறிக்கொள்ள அனுமதிக்கும் அமைப்பு அது. ஐபோனில் ‘அலவ் செல்லுலர் டேட்டா ஸ்விட்சிங்’ அல்லது ‘அலவ் மொபைல் டேட்டா ஸ்விட்சிங்’ என்று இருக்கும். என் முதல் கோலாலம்பூர் பயணத்தில் இதை நான் அணைக்கவில்லை. எப்போதோ ஒருமுறை ரோமிங் பேக் போட்டபோது சென்னை எண்ணில் எரியவிட்ட டேட்டா ரோமிங்கும் அப்படியே கிடந்திருக்கிறது. சிக்னல் குறைந்த இடங்களில் எல்லாம் போன் சத்தமில்லாமல் சென்னை எண்ணின் டேட்டாவுக்குத் தாவியது. திரையில் எந்த மாற்றமும் தெரியவில்லை. ஊர் திரும்பியபின் வந்த மாதாந்திர பில்லில், ஐந்து நாள் பயணத்துக்கு நான்கு இலக்கத்தில் கூடுதல் தொகை இருந்தது. அன்றிலிருந்து யாருடைய போனைத் தயார் செய்தாலும் இந்த இரண்டு பொத்தான்களையும் இருமுறை பார்க்கிறேன்.

சென்னை எண் விழித்திருப்பதன் பயன் ஓடிபி. அது வர வேண்டுமென்றால் அந்த எண்ணில் சர்வதேச ரோமிங் சேவை திறந்திருக்க வேண்டும். சில முன்கட்டண எண்களில் இதற்குத் தனியாக ஒரு பேக் போட்டாக வேண்டும். உங்கள் நிறுவனத்தின் செயலியிலோ கடையிலோ ஒரு வாரம் முன்பே விசாரித்துத் திறந்துகொள்ளுங்கள். நீண்ட நாள் தங்குபவர்கள் திரும்பி வரும் தேதியைத் தாண்டிச் செல்லுபடியாகும்படி ரீசார்ஜ் செய்துவிட்டுப் போக வேண்டும். செல்லுபடி தீர்ந்தால் குறுஞ்செய்தியும் நின்றுபோகும்; வெளிநாட்டிலிருந்து ரீசார்ஜ் செய்ய முயன்றால் அதற்கே ஓடிபி கேட்கும் அவலமும் நேரலாம். அந்த எண்ணுக்கு வரும் அழைப்பை எடுத்தால் நிமிடக் கணக்கில் கட்டணம் விழும் என்பதால், எடுக்காமல் விட்டு வாட்ஸப்பில் திரும்ப அழையுங்கள். வாட்ஸப் ‘எண்ணை மாற்ற வேண்டுமா’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வங்கிச் செயலிகளையும் யூபிஐ செயலிகளையும் பயணத்தின் நடுவில் நீக்கி மறுபடி நிறுவாதீர்கள். அவை சென்னை சிம்மிலிருந்து ஒரு குறுஞ்செய்தியை அனுப்பித்தான் மறுபதிவு செய்யும், அது வெளிநாட்டிலிருந்து தவறிப்போவது சகஜம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாடகை வண்டிக்குப் பயன்படும் கிராப் போன்ற செயலிகளையும் இங்கேயே ஓடிபி வாங்கிப் பதிவு செய்துவிட்டுப் போங்கள்.

கிளம்பும் நாளில் விம்கோ நகரிலிருந்து மீனம்பாக்கம் விமான நிலையம் வரை ஒரே மெட்ரோ ரயிலில் உட்கார்ந்து போகலாம். அந்தப் பயண நேரத்தில் போக வேண்டிய ஊரின் வரைபடத்தை இணையமின்றிப் பார்க்கும்படி கூகுள் மேப்ஸில் இறக்கிக்கொள்ளுங்கள். புகைப்படங்கள் தானாக மேகச் சேமிப்புக்கு ஏறுவதையும், செயலிகள் தானாகப் புதுப்பித்துக்கொள்வதையும், வாட்ஸப் காணொளிகள் தாமாக இறங்குவதையும் நிறுத்திவிடுங்கள். டேட்டாவைக் கரைப்பவை இவைதான்.

போய் இறங்கியதும் விமானப் பயன்முறையை நீக்கி, இ-சிம் இணைப்பை இயக்கி, டேட்டாவுக்கு அதைத் தேர்ந்தெடுத்து, அதன் ரோமிங்கைப் போடுங்கள். ஐந்து நிமிடம் வரை காத்திருக்கலாம். வரவில்லையென்றால் போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். அப்போதும் வரவில்லையென்றால், விற்பனையாளர் அனுப்பிய மின்னஞ்சலில் ஏபிஎன் என்று, போன் இணையத்தோடு இணைவதற்கான ஒரு பெயர் இருக்கும். அதைச் சிம் அமைப்பில் எழுத்துப் பிசகாமல் உள்ளிடுங்கள். எந்த உள்ளூர் நெட்வொர்க்கோடு ஒப்பந்தம் என்பதையும் குறிப்பிட்டிருப்பார்கள். தானியங்கித் தேர்வை நீக்கிவிட்டு அதைக் கையால் தேர்ந்தெடுங்கள். எதற்கும் மசியவில்லையென்றாலும் இ-சிம்மை அழித்துவிட்டு மறுபடி ஏற்றலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அழித்த குறியீடு பெரும்பாலும் மீண்டும் வேலை செய்யாது. விமான நிலையத்தின் இலவச வைஃபையில் இணைந்து விற்பனையாளரின் உதவிப் பிரிவுக்கு எழுதுங்கள். இணையம் கிடைத்தபின் சில தளங்கள் வேறு மொழியிலோ வேறு நாட்டு விலையிலோ தெரிந்தால் கலங்க வேண்டாம். உங்கள் டேட்டா மூன்றாம் நாடு ஒன்றின் வழியாகச் சுற்றி வருவதால் அப்படி ஆகிறது.

மீனம்பாக்கத்தில் திரும்ப இறங்கியதும் டேட்டாவைச் ‘சென்னை’ இணைப்புக்கு மாற்றி, இ-சிம் இணைப்பை அணைத்துவிடுங்கள். மீதி டேட்டாவோ நாட்களோ இல்லை, அதே திட்டத்தை மறுபடி ரீசார்ஜ் செய்யும் எண்ணமும் இல்லை என்றால் அதை அழித்துவிடலாம். அடுத்த ஆண்டும் அதே ஊருக்குப் போகிறவராக இருந்து, விற்பனையாளரும் ரீசார்ஜ் செய்ய அனுமதித்தால், அணைத்த நிலையிலேயே விட்டுவையுங்கள்.