அமெரிக்காவில் டிரைவிங் லைசென்ஸ்: புதிதாக வந்தவர்களுக்கு, முதல் படியிலிருந்து

அமெரிக்காவில் லைசென்ஸ் கொடுப்பது மத்திய அரசு அல்ல, மாநில அரசு. ஒரு மாநிலத்தில் வாங்கியதை வைத்து ஐம்பது மாநிலங்களிலும் ஓட்டலாம். ஆனால் அதை வாங்கும் முறையும் சாலை விதிகள் சிலவும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டல்லாஸில் இருக்கும் நண்பர் சொன்னதை நம்பி நியூ ஜெர்சியில் வரிசையில் நிற்பவர்கள்தான் அதிகம் அலைகிறார்கள். உங்கள் மாநிலத்தின் கையேடு ஒன்றையே நம்புங்கள்.

முதல் படி: அலுவலகமும் கெடுவும்

கலிஃபோர்னியா, நியூயார்க், வர்ஜீனியாவில் அந்த அலுவலகத்துக்கு டிஎம்வி என்று பெயர். டெக்சாஸில் டிபிஎஸ், ஜார்ஜியாவில் டிடிஎஸ், நியூ ஜெர்சியில் எம்விசி. இணையத்தில் தேடும்போது அரசுத் தளம் போலவே தோற்றம் தரும் தனியார் தளங்கள் முன்னால் வரும், பணமும் கேட்கும். முகவரியில் ‘டாட் கவ்’ இருக்கிறதா என்று பாருங்கள்.

குடியேறிய பின் எத்தனை நாளுக்குள் அந்த மாநில லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்பதும் ஒரே மாதிரி இல்லை. கலிஃபோர்னியாவில் 10 நாள், நியூயார்க்கில் 30, நியூ ஜெர்சியில் 60, டெக்சாஸில் 90. இன்டர்நேஷனல் டிரைவிங் பர்மிட் வைத்திருந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். அது உங்கள் ஊர் லைசென்ஸோடு சேர்த்துக் காட்டும் மொழிபெயர்ப்புதான், தனியாக அதற்கு மதிப்பு கிடையாது.

இரண்டாவது படி: காகிதங்கள்

பாஸ்போர்ட், விசா, ஐ-94 (நாட்டுக்குள் வந்ததற்கான அரசுப் பதிவு), முகவரிச் சான்றுகள் வேண்டும். மாணவர்களுக்குக் கூடுதலாக ஐ-20 (கல்லூரி தரும் படிவம்), ஹெச்1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்கு ஐ-797 (ஒப்புதல் அறிவிப்பு). வீட்டு ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, வங்கி அறிக்கை போன்றவற்றில் இரண்டை முகவரிக்கு எடுத்துச் செல்லுங்கள். சோஷியல் செக்யூரிட்டி எண் பெறத் தகுதி இல்லாதவர்களுக்கும் (ஹெச்4 என்ற குடும்ப விசாவில் வந்திருக்கும் துணைவர் பலர் இப்படித்தான்) லைசென்ஸ் கிடைக்கும். சில மாநிலங்கள் அந்த எண் கிடைக்காது என்று சோஷியல் செக்யூரிட்டி அலுவலகமே தரும் கடிதத்தைக் கேட்கும்.

நம்மவர்களுக்குச் சிக்கல் வருவது பெரும்பாலும் பெயரில். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்துதான் உண்டு. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தால், அமெரிக்க விசாவில் அதைக் குடும்பப் பெயராகப் போட்டு, முதல் பெயர் இடத்தில் ‘எஃப்என்யூ’ என்று அச்சிட்டுவிடுவார்கள். முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. உங்கள் குடியேற்ற நிலையை லைசென்ஸ் அலுவலகம் ‘சேவ்’ என்ற மத்திய அரசு அமைப்பு வழியாகச் சரிபார்க்கும். ஐ-94-இல் ஒரு விதமாகவும் விண்ணப்பத்தில் வேறு விதமாகவும் பெயர் இருந்தால் அங்கே தடைபடும். ஆகவே போவதற்கு முன்பே ஐ-94-ஐ இணையத்திலிருந்து இறக்கி, பாஸ்போர்ட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள். வந்து இறங்கிய உடனே ஓடவும் வேண்டாம். பத்து நாளாவது பொறுத்தால் உங்கள் பதிவுகள் அமைப்பில் ஏறியிருக்கும். மாணவர்கள் கல்லூரியில் வருகையைப் பதிவு செய்த பிறகே போவது நல்லது.

உள்நாட்டு விமானத்தில் அடையாளமாகக் காட்ட ‘ரியல் ஐடி’ வகை (மத்திய அரசு வகுத்த தரத்துக்கு ஏற்ற) லைசென்ஸ் 2025 மே 7 முதல் தேவைப்படுகிறது. பாஸ்போர்ட் கையில் இருப்பவர்கள் அதற்காகப் பதற வேண்டியதில்லை.

மூன்றாவது படி: எழுத்துத் தேர்வு

கையேட்டை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கலிஃபோர்னியாவில் பெரியவர்களுக்கு 36 கேள்விகள், 30 சரியாக இருக்க வேண்டும். நியூயார்க்கில் 20-க்கு 14. அதிலும் சாலைக் குறியீடு பற்றிய நான்கில் இரண்டாவது சரியாக வேண்டும். டெக்சாஸில் 30-க்கு 21. மாதிரித் தேர்வுகளை மட்டும் மனப்பாடம் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கையேட்டில் இருப்பது தேர்வுக்கு மட்டுமல்ல, நாளைக்குச் சாலையில் உங்கள் உயிருக்கும் தேவை.

நான்காவது படி: பர்மிட்டோடு பழகுவது

எழுத்துத் தேர்வில் தேறியதும், ஓட்டிப் பழகுவதற்கான பர்மிட் கிடைக்கும். தனியாக ஓட்டக் கூடாது. லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் இருக்க வேண்டும். நியூயார்க்கில் அவருக்கு 21 வயதாவது ஆகியிருக்க வேண்டும். சில மாநிலங்களில் வகுப்பும் உண்டு: நியூயார்க்கில் ரோடு டெஸ்டுக்கு முன் ஐந்து மணி நேர வகுப்பு, டெக்சாஸில் 18 முதல் 24 வயதுவரை உள்ளவர்களுக்கு ஆறு மணி நேரப் பாடம்.

ஊரில் பல வருடம் ஓட்டியவர்களும் இந்தச் சில விதிகளைப் புதிதாகவே பழக வேண்டும்.

ஸ்டாப் பலகை என்றால் சக்கரம் முழுதாக நிற்க வேண்டும், சாலை காலியாக இருந்தாலும். நான்கு பக்கமும் ஸ்டாப் இருக்கும் சந்திப்பில் முதலில் வந்து நின்றவர் முதலில் போவார். இருவரும் ஒரே நேரத்தில் வந்தால் வலது பக்கம் இருப்பவருக்கு வழி விடுங்கள். சிவப்பு விளக்கில் முழுதாக நின்று, பார்த்து, வலது பக்கம் திரும்பப் பெரும்பாலான இடங்களில் அனுமதி உண்டு. நியூயார்க் நகருக்குள் பலகை அனுமதித்தால் ஒழியக் கிடையாது.

பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கை மின்னவிட்டு நின்றால் நீங்களும் நிற்க வேண்டும். நடுவில் தடுப்பு உள்ள சாலையில் எதிர்ப்பக்கம் வருபவர் நிற்கத் தேவையில்லை என்பது கலிஃபோர்னியா விதி. நியூயார்க்கில் அப்போதும் நின்றாக வேண்டும். வேலைக்காக மாநிலம் மாறுபவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள்; குழந்தைகள் சாலையைக் கடக்கும் நேரம் அது.

மது விஷயத்தில் ரத்தத்தில் 0.08 சதவீதம் என்பது பொதுவான வரம்பு, யூட்டாவில் 0.05. குடித்தால் ஓட்டாதீர்கள், கணக்கே வேண்டாம். கலிஃபோர்னியாவில் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பின் இருக்கையில், அவர்களுக்கான சீட்டில்தான் உட்கார வேண்டும். மடியில் வைத்துக்கொள்வது எந்த மாநிலத்திலும் ஆகாது.

போலீஸ் பின்னால் வந்து விளக்குப் போட்டால் வலது ஓரமாக நிறுத்துங்கள். காரை விட்டு இறங்கக் கூடாது. மரியாதைக்காக இறங்கி அவரை நோக்கி நடப்பது நமக்கு இயல்பு. இங்கே அதை மிரட்டலாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. கண்ணாடியை இறக்கி, இரண்டு கைகளையும் ஸ்டியரிங் மேல் வைத்து, அவர் கேட்ட பிறகே காகிதங்களை எடுங்கள்.

ஐந்தாவது படி: ரோடு டெஸ்ட்

காரை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். பதிவும் இன்ஷூரன்ஸும் நடப்பில் இருக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் கார் போதும். டெக்சாஸிலும் நியூயார்க்கிலும் இரண்டு கார்களுக்கு நடுவே நிறுத்துவது போன்ற பேரலல் பார்க்கிங் பார்ப்பார்கள். கலிஃபோர்னியாவில் அது இல்லை. ஓரக்கல்லை ஒட்டி நேராகப் பின்னால் வரச் சொல்வார்கள், கைச் சைகைகளையும் கேட்பார்கள்.

நன்றாக ஓட்டுபவர்களும் தோற்பது தலையைத் திருப்பாததால்தான். லேன் மாறும்போது கண்ணாடியைப் பார்த்தால் மட்டும் போதாது. தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தது தேர்வாளருக்குத் தெரிய வேண்டும். ஸ்டாப்பில் ஊர்ந்து போவது, ஓரக்கல்லில் ஏற்றுவது, வேக வரம்பைத் தாண்டுவது ஆகியவற்றுக்கு அங்கேயே தோல்வி விழலாம். தோற்றால் மறுபடி நாள் குறித்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

கடைசிப் படி: கையில் வந்த பிறகு

முதலில் தற்காலிகக் காகிதம் கொடுப்பார்கள், அட்டை தபாலில் வரும். பெயரும் பிறந்த தேதியும் சரியா என்று வாங்கியவுடன் பாருங்கள். விசாவில் இருப்பவர்களுக்கு லைசென்ஸ் பெரும்பாலும் ஐ-94 முடியும் தேதியோடு காலாவதியாகும். விசா நீட்டிப்பு வந்ததும் லைசென்ஸையும் புதுப்பியுங்கள். மாநிலம் மாறினால் பழைய லைசென்ஸை ஒப்படைத்துப் புதியதை வாங்க வேண்டும். அந்த மாநிலத்தின் நாள் கணக்கு நீங்கள் குடியேறியதிலிருந்து தொடங்கிவிடும்.