அரசிடம் கணக்குக் கேட்கும்போது நாம் செய்யும் தவறுகள்: காலநிலை, போக்குவரத்து, அகதிகள்

அரசுகள் வாக்குக் கொடுப்பதும் பிறகு மறந்துவிடுவதும் புதிதல்ல. அதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. கேள்வி கேட்கக் கிளம்புகிறவர்கள், பதில் வராத இடத்திலேயே கேட்டுக் கேட்டுச் சோர்ந்துபோகிறார்கள். காலநிலை, பொதுப் போக்குவரத்து, அகதிகளுக்கான ஆதரவு ஆகிய மூன்றிலும் இது அதிகம் நடக்கிறது. இவற்றில் பாதிக்கப்படுகிறவர்களில் பலருக்கு ஆட்சியாளர்களை அசைக்கும் பலம் கிடையாது. சிலர் இன்னும் ஓட்டுப் போடும் வயதுக்கே வராதவர்கள், சிலர் சொந்த வண்டி இல்லாதவர்கள், சிலர் ஓட்டுரிமையே இல்லாதவர்கள். அவர்களுக்காகக் கேட்பவர்கள் சரியாகக் கேட்டாக வேண்டும்.

காலநிலை விஷயத்தில் பலரும் தூரத்து ஆண்டைப் பற்றியே விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். நிகர பூஜ்ஜிய உமிழ்வுக்கு, அதாவது வெளியேற்றும் பசுமைக்குடில் வாயுவும் உறிஞ்சப்படும் வாயுவும் சமமாகும் நிலைக்கு, பிரிட்டன் 2050 என்கிறது, சீனா 2060 என்கிறது, இந்தியா 2070 என்கிறது. அந்த ஆண்டுகள் வரும்போது இன்றைய அமைச்சர்கள் யாரும் பதில் சொல்லும் இடத்தில் இருக்கப்போவதில்லை. கேட்க வேண்டியது அடுத்த ஐந்து ஆண்டுகளைப் பற்றி. பிரிட்டனின் 2008 காலநிலை மாற்றச் சட்டம் இதற்கு நல்ல ஏற்பாடு செய்திருக்கிறது. ஐந்தாண்டுக்கு ஒரு முறை கார்பன் வரம்பு வைக்க வேண்டும், அரசைச் சாராத ஒரு குழு ஆண்டுதோறும் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தர வேண்டும், அதற்கு அரசு பதில் சொல்லியே ஆக வேண்டும். ஜெர்மனியில் இளைஞர்கள் தொடுத்த வழக்கும் இந்த இடைக்காலத்தைப் பற்றியதுதான். 2030-க்குப் பிறகு என்ன செய்யப்போகிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் பெரும் சுமையை அடுத்த தலைமுறையின் தலையில் ஏற்றுவது செல்லாது என்று அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் அரசு உமிழ்வைக் குறைக்கும் தன் 2030 இலக்கை 55 சதவீதத்திலிருந்து 65 ஆக உயர்த்தியது.

அப்புறம், சதவீதத்தைக் கேட்டதும் நின்றுவிடுவது. எந்த ஆண்டோடு ஒப்பிட்டு, எதில் இத்தனை சதவீதம் என்று கேட்காவிட்டால் அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 1990-ஐ அடிப்படை ஆண்டாக வைத்துக் கணக்கிடுகிறது. காலநிலைக்கான உலக நாடுகளின் பாரிஸ் ஒப்பந்தத்துக்கு அமெரிக்கா கொடுத்த இலக்குகள் 2005-ஐ வைத்துக் கணக்கிட்டவை. இரண்டையும் பக்கத்தில் வைத்து யார் மேல் என்று சொல்லிவிட முடியாது. 2030-க்குள் 45 சதவீதம் என்ற இந்தியாவின் இலக்கு உமிழ்வின் மொத்த அளவைக் குறைப்பதல்ல. பொருளாதார உற்பத்தியின் ஒவ்வொரு ரூபாய்க்கும் எவ்வளவு உமிழ்வு என்ற விகிதத்தை 2005 நிலையிலிருந்து குறைப்பது. அந்த இலக்கை எட்டிக்கொண்டே மொத்த உமிழ்வு கூடவும் செய்யலாம். வளரும் நாடு அப்படி ஓர் இலக்கு வைப்பதில் நியாயம் இருக்கிறது, அது வேறு விவாதம். ஆனால் ‘உமிழ்வு 45 சதவீதம் குறையும் என்றீர்களே’ என்று நீங்கள் மனு எழுதினால், அந்த ஒரு பிழையைக் காட்டியே மனு முழுவதையும் தள்ளிவிடுவார்கள்.

அறிவிப்பு, ஒதுக்கீடு, செலவு, பலன் என்பவை நான்கு தனித்தனிக் கட்டங்கள். அறிவிப்பு வந்தவுடன் நன்றி சொல்லிவிட்டு அடுத்த பிரச்சினைக்குப் போய்விடுவதுதான் என் பார்வையில் மிகப் பெரிய தவறு. 2022 நிதியாண்டில் 1,25,000 அகதிகள் வரை குடியமர்த்தலாம் என்று அமெரிக்கா உச்சவரம்பு வைத்தது. வந்து சேர்ந்தவர்கள் 25 ஆயிரத்துச் சொச்சம் பேர். வரம்பை மட்டும் கொண்டாடியவர்களுக்கு இந்த இடைவெளி தெரிந்திருக்காது. அதைத் தொடர்ந்து கவனித்தவர்கள், விசாரணை எங்கே தேங்குகிறது, எந்த அலுவலகத்தில் ஆள் இல்லை என்று குறிப்பாகக் கேட்க முடிந்தது. 2024 நிதியாண்டில் வந்தவர்கள் ஒரு லட்சத்தைத் தொட்டார்கள்.

போக்குவரத்திலும் இதே கதைதான். பிரிட்டன் 2023 அக்டோபரில் அதிவேக ரயில் பாதையின் வடக்குப் பகுதியைக் கைவிட்டது. அந்தப் பணத்தில் செய்யப்போவதாக ஒரு நீண்ட பட்டியலும் வந்தது. மான்செஸ்டர் விமான நிலையத்துக்கு டிராம் பாதை என்று அதில் ஒரு வரி. அந்தப் பாதை 2014-லேயே திறக்கப்பட்டுவிட்டது! பட்டியலை வரி வரியாகப் படித்தவர்களால்தான் அது வெளியே வந்தது. புதுப் பேருந்துகள் வாங்கும் அறிவிப்பிலும் இந்தப் பழக்கம் உதவும். எத்தனை வாங்கினார்கள் என்பதோடு, எத்தனை பழைய வண்டிகளை ஓரங்கட்டினார்கள், எத்தனை ஓட்டுநர்களை எடுத்தார்கள், ஒரு தடத்தில் எத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி வருகிறது என்று கேளுங்கள். நிறுத்தத்தில் நிற்பவருக்கு அந்தக் கடைசி எண்தான் முக்கியம்.

உதவித் தொகையின் கணக்கையும் கவனிக்க வேண்டும். பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடி விதிப்படி, ஒரு நாடு தன் மண்ணுக்கு வந்த அகதிகளுக்கு முதல் 12 மாதங்களில் செய்யும் சில செலவுகளை வெளிநாட்டு உதவியாகவே கணக்கில் காட்டலாம். 2022-இல் பிரிட்டன் காட்டிய உதவித் தொகையில் கால் பங்குக்கும் மேல் இப்படி உள்நாட்டிலேயே செலவானது. வந்தவர்களுக்குச் செலவிட்டதில் தவறே இல்லை. ஆனால் மொத்தத் தொகையை மட்டும் பார்த்தால், வெளியே உள்ள முகாம்களுக்குப் போன பணம் குறைந்திருப்பது கண்ணில் படாது.

தகவல் கேட்கும் மனுவில் நடக்கும் தவறு சின்னதாகத் தெரியும், ஆனால் மாதக்கணக்கில் இழுத்துவிடும். ‘ஏன் பேருந்தைக் குறைத்தீர்கள்?’ என்று கேட்பது இயல்பு. ஆனால் தகவல் உரிமைச் சட்டங்கள் பெரும்பாலும் பதிவில் உள்ளதைத் தரச் சொல்கின்றன, விளக்கம் சொல்லச் சொல்வதில்லை. இந்தியாவின் 2005 சட்டமும் அப்படித்தான். அதனால் அதே கேள்வியை ஆவணமாக மாற்றிக் கேளுங்கள்: இந்தத் தடத்தில் நடைகளைக் குறைத்த உத்தரவின் நகல், அது தொடர்பான கோப்புக் குறிப்புகள், குறைப்பதற்கு முன்னும் பின்னும் ஆறு மாதங்களுக்கான நடைகளின் எண்ணிக்கை. ‘ஏன்’ என்பதற்கான விடை அந்தக் கோப்புக் குறிப்பில் தானாகவே கிடைக்கும். இந்தியச் சட்டப்படி 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். இதில் தயங்குபவர்கள்தான் அதிகம், மேல்முறையீட்டில் சண்டை ஒன்றும் கிடையாது.

அதிகாரம் யாரிடம் என்று பார்க்காமல் மனு கொடுப்பதும் இதே வகைதான். ரயில் ஓர் அரசிடம், பேருந்து இன்னோர் அரசிடம், நடைபாதை நகராட்சியிடம் இருக்கலாம். அகதிக்குத் தங்குமிடம் தருவது உள்ளாட்சி, தங்கும் உரிமை தருவது தேசிய அரசு என்பது பல நாடுகளில் உள்ள நிலை. தவறான அலுவலகத்துக்கு அனுப்பினால், இது எங்கள் வேலை இல்லை என்று எளிதாகக் கைகழுவிவிடுவார்கள்.

அகதிகளுக்காகப் பேசும்போது அவர்களையே முன்னால் நிறுத்துவதைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. வழக்கு முடியாத ஒருவரின் முகமும் பெயரும் வெளியே வந்தால், ஊரில் விட்டுவந்த குடும்பத்துக்கு ஆபத்து வரலாம். ஒப்புதல் வாங்கிவிட்டோம் என்பது மட்டும் போதாது. உதவி செய்கிறவரிடம் ‘மாட்டேன்’ என்று சொல்வது அவருக்கு எவ்வளவு கடினம் என்று யோசியுங்கள். விண்ணப்பத்துக்கு முடிவு வரச் சராசரியாக எத்தனை மாதம், அதுவரை வேலை செய்ய அனுமதி உண்டா, முடிவு வந்தபின் எத்தனை நாளில் தங்குமிடத்தைக் காலி செய்ய வேண்டும் என்ற விவரங்களே அரசை மடக்கப் போதுமானவை. யாருடைய முகத்தையும் காட்டத் தேவையில்லை.

காலநிலையையும் அகதிகளையும் சேர்த்துப் பேசும்போது மிகைப்படுத்துவதையும் தவிர்க்க வேண்டும். கோடிக்கணக்கான ‘காலநிலை அகதிகள்’ எல்லையில் வந்து நிற்கப்போகிறார்கள் என்று பயமுறுத்தினால், உமிழ்வைக் குறைப்பதற்குப் பதில் வேலியை உயர்த்தத்தான் அரசு யோசிக்கும். வெள்ளத்தாலும் வறட்சியாலும் இடம்பெயர்கிறவர்களில் பெரும்பாலோர் சொந்த நாட்டுக்குள்ளேயே நகர்கிறார்கள். அதோடு, 1951 அகதிகள் உடன்படிக்கை இனம், மதம், அரசியல் கருத்து போன்ற காரணங்களால் துன்புறுத்தலுக்கு அஞ்சி வருபவர்களுக்கானது. கடல் மட்டம் உயர்வதால் ஊரை விட்டு வெளியேறுகிறவருக்கு அது பொதுவாகப் பொருந்தாது. எனவே ‘அவர்களை அகதிகளாக ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்று மட்டும் கேட்டால் சட்டத்தில் பிடி கிடைக்காது. ஆஸ்திரேலியா, பசிபிக் தீவு நாடான துவாலுவின் மக்களுக்காக ஒப்பந்தம் போட்டு ஆண்டுக்கு 280 பேர் வரை குடியேற இடம் கொடுத்திருக்கிறது. அதுபோன்ற தனி வழியைக் கேட்பதே உருப்படியானது.

வழக்கில் ஜெயித்ததும் கலைந்துபோவதும் உண்டு. சுவிட்சர்லாந்தின் மூத்த பெண்கள் தொடுத்த வழக்கில், அந்நாடு காலநிலைக் கடமையில் தவறியது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2024 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. இரண்டே மாதத்தில், இதற்கு மேல் நாங்கள் எதுவும் செய்யத் தேவையில்லை என்று அந்நாட்டு நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் அறிவித்தன. ஆனால் தீர்ப்பு நிறைவேறுகிறதா என்று பார்க்க அந்த நீதிமன்றம் சேர்ந்திருக்கும் ஐரோப்பிய கவுன்சிலின் அமைச்சர்கள் குழு இருக்கிறது. அரசு அங்கே கொடுக்கும் அறிக்கைக்கு மறுப்பு இருந்தால், தொண்டு அமைப்புகள் எழுத்துமூலம் அந்தக் குழுவிடம் தரலாம். வழக்கு நடத்தியவர்களுக்கு அடுத்த வேலை அங்கே இருக்கிறது.