மலையகத்தின் பழைய பத்திரிகைகளைத் தேடி ஆவணப்படுத்தும் முறை

இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதிகளில் வாழும் மலையகத் தமிழரின் பத்திரிகை வரலாற்றை எழுத முற்படும் எவருக்கும் முதலில் எதிர்ப்படும் தடை, இதழ்கள் ஓரிடத்தில் இல்லை என்பதுதான். தோட்டத் தொழிலாளரின் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் 1921இல் நடத்திய ‘தேசநேசன்’, 1924இல் தொடங்கிய ‘தேசபக்தன்’ ஆகியவை முதல், அறுபதுகளில் கண்டியிலிருந்து வெளிவந்த ‘மலைமுரசு’, அந்தனி ஜீவாவை ஆசிரியராகக் கொண்ட ‘குன்றின் குரல்’ வரை பல வெளியீடுகளைப் பற்றி நாம் பேசுகிறோம். ஆனால் அவற்றின் எல்லா இதழ்களையும் வரிசையாகப் புரட்டிப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. ஆகவே பழைய ஆசிரியர்களின் வீடுகள், தொழிற்சங்கக் காரியாலயங்கள், கோயில் பரண்கள், மூடப்பட்ட வாசிகசாலைகள் ஆகியவற்றில் கிடக்கும் ஒவ்வொரு தனி இதழையும் முறையாகப் பதிவு செய்வது இன்று அவசரமான பணியாகும். அதற்குப் பெரிய நிதியோ நிறுவனமோ தேவையில்லை. தொலைபேசிக் கமராவும் ஒரு குறிப்பேடும் பொறுமையும் போதும்.

தேடலைத் தொடங்கும்போது, மலையகத்தில் அச்சிடப்பட்டவை மட்டுமே மலையகப் பத்திரிகைகள் என்று எல்லை வகுத்துவிடக் கூடாது. ‘தேசபக்தன்’ கொழும்பிலிருந்து வெளிவந்தபோதும் அதன் உயிர் தோட்டங்களில்தான் இருந்தது. அதன் ஆக்கத்தில் நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாளும் தோளோடு தோள் நின்றார். 1930 ஓகஸ்ட் 6ஆம் திகதி சுப்பிரமணியம் செட்டியார் தொடங்கிய ‘வீரகேசரி’யும், 1932இல் லேக்ஹவுஸ் பத்திரிகை நிறுவனம் வெளியிட்ட ‘தினகரன்’னும் தோட்டச் செய்திகளைத் தொடர்ந்து தாங்கி வந்தமையால், அவற்றின் கிழிந்த ஒரு தாள்கூட நமக்குப் பயன்படும்.

இதழ் கைக்குக் கிடைத்தவுடன் முதற்கடமை அதைக் காப்பது. செய்தித்தாள் மரக்கூழிலிருந்து மலிவாகச் செய்யப்படுவதால், அதில் எஞ்சியிருக்கும் லிக்னின் என்ற மரப்பொருள் வெளிச்சமும் காற்றும் பட்டு மஞ்சளாகித் தாளை நொறுங்கச் செய்கிறது. நமது பகுதியின் ஈரம் இதனுடன் சேரும்போது பூஞ்சணமும் பிடித்துக்கொள்கிறது. ஈரமான தாளை வெயிலில் காயப்போட வேண்டாம். நிழலில், காற்றோட்டமுள்ள இடத்தில் தனித்தனியாக விரித்து உலரவிடுங்கள். பூஞ்சணம் இருந்தால் முகக்கவசம் அணிந்து, நன்கு உலர்ந்த பின் வீட்டுக்கு வெளியே வைத்து மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். கிழிசலை ஒட்டும் நாடாவால் ஒட்டவும், தாளை லமினேட் செய்யவும் யார் சொன்னாலும் இணங்காதீர்கள், ஏனெனில் அந்தச் சேதத்தை எவராலும் எளிதில் சரிசெய்ய முடியாது. அட்டன், நாவலப்பிட்டிப் பக்கத்தில் இருப்போர் இந்த வேலையை ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட மாதங்களிலும், பதுளை, பண்டாரவளைப் பக்கத்தினர் ஜூன் முதல் ஓகஸ்ட் வரையிலும் வைத்துக்கொள்வது நல்லது.

படமெடுக்கும்போது ஜன்னலோரத்தில் மேசையிட்டு, பிளாஷ் இன்றி, கமராவைத் தாளுக்கு நேர் மேலே பிடித்து, ஒவ்வொரு பக்கத்தையும் வரிசை குலையாமல் முழுமையாக எடுங்கள். தலையங்கமும் முக்கியச் செய்தியும் போதும் என்று நினைத்து விளம்பரங்களை விட்டுவிடுவது பெரும் இழப்பாகும். புடைவைக் கடை, நகைக் கடை, மருந்துக் கடை விளம்பரங்கள்தான் அந்தப் பத்திரிகை யாருடைய பணத்தில் நடந்தது, யாருடைய கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதைச் சொல்கின்றன. கடைசிப் பக்கத்தின் அடியில் சிறு எழுத்தில் இருக்கும் அச்சகத்தின் பெயர், வெளியீட்டாளர் பெயர், முகவரி ஆகிய வரிகளைத் தனியாக நெருங்கியும் எடுங்கள். பெயர்கள் மாறிய பத்திரிகைகளையும், ஒரே அச்சகத்திலிருந்து வந்த வெவ்வேறு இதழ்களையும் தொடர்புபடுத்த அந்த வரிகளே திறவுகோல்.

திகதியைக் குறிப்பதில் மிகுந்த கவனம் தேவை. பழைய இதழ்கள் சிலவற்றில் மலர், இதழ் எண்களோடு தமிழ் ஆண்டின் பெயர் மட்டுமே இருக்கும். பிரபவ ஆண்டு 1927 சித்திரையில் தொடங்கியது என்பதை அடிப்படையாக வைத்தால், பிரமோதூத 1930 எனவும், பிரஜோற்பத்தி 1931 எனவும் கணக்கிடலாம். ஆனால் தை முதல் பங்குனி வரையிலான இதழ்களுக்கு மார்கழிப் பிற்பகுதியிலிருந்தே ஆங்கில ஆண்டு ஒன்று கூடிவிடும் என்பதால், பிரமோதூத தை மாத இதழ் 1931க்கு உரியது. இந்த ஓராண்டுப் பிழை ஒரு வேலைநிறுத்தத்தை அதன் காரணத்துக்கு முன்னால் நடந்ததாகக் காட்டிவிடக்கூடும். கோப்புப் பெயரில் பத்திரிகை, ஆண்டு, மாதம், திகதி, பக்கம் என்ற ஒழுங்கைக் கடைப்பிடித்தால் பின்னர் வரிசைப்படுத்துவது எளிது. ஊகித்த திகதிக்கு அருகே ஊகம் என்றே எழுதுங்கள்.

செய்தியைச் சான்றாகக் கொள்ளும்போது ஒரே பத்திரிகையை நம்பியிருக்கக் கூடாது. 1940 ஜனவரி 10ஆம் திகதி ஹேவாஹெட்டையிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்த நிகழ்வை எடுத்துக்கொண்டால், தோட்டத் துரைமாரின் நலனைப் பேசிய ‘டைம்ஸ் ஒஃப் சிலோன்’, கொழும்புத் தமிழ் நாளேடுகள், தொழிற்சங்கத் தரப்பின் வெளியீடுகள் ஆகியவற்றை அருகருகே வைத்து வாசிக்க வேண்டும். கூட்டம் எத்தகையது, முதலில் தாக்கியது யார், இறந்தவரின் பெயர் தலைப்பில் வந்ததா அல்லது உள்ளே கடைசி வரியில் வந்ததா என்பவற்றைக் குறித்துக்கொண்டால், ஒவ்வொரு பத்திரிகையும் நின்ற இடம் தெளிவாகும்.

அச்சில் இல்லாததைப் பெரியவர்களிடம் கேளுங்கள். லயத்துக்கு, அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, பத்திரிகை எப்படி வந்தது, யார் உரக்க வாசித்தார், நிர்வாகத்துக்குத் தெரியாமல் எங்கே மறைத்து வைத்தார்கள், ஊர் நிருபருக்கு ஊதியம் கிடைத்ததா என்ற கேள்விகளுக்கு அவர்களிடமே விடை உண்டு. அச்சுக்கோத்தவர் எவரேனும் உயிரோடிருந்தால் அவரை முதலில் சந்தியுங்கள். வரலாற்றில் அவர்களின் பெயர் மிக அரிதாகவே எழுதப்பட்டிருக்கிறது.

படங்கள் தயாரானதும், உரிமையாளரின் எழுத்து மூல இணக்கத்துடன், 2005 முதல் இயங்கிவரும் ‘நூலகம்’ என்ற பெயருடைய இணைய எண்ணிம நூலகத்துக்கு ஒரு பிரதியை வழங்கலாம். ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் நிறையாத படைப்புகளுக்கு 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டம் பொருந்தும் என்பதால், குடும்பத்தாரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். மூல இதழை அதன் வீட்டிலேயே வைத்திருக்க இயலாவிட்டால் தேசிய சுவடிகள் கூடத்தை அணுகலாம். 1885ஆம் ஆண்டின் அச்சகச் சட்டத்தின்கீழ் பதியப்பட்டுச் சேர்ந்த வெளியீடுகளையும் அங்கேயே தேடிப் பாருங்கள்.

இறுதியாக, கிடைத்தவற்றின் பட்டியலோடு கிடைக்காத இதழ் எண்களின் பட்டியலையும் தயாரித்துப் பரப்புங்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின் இந்தியாவுக்குக் கப்பலேறிய மலையகக் குடும்பங்கள் றங்குப் பெட்டியில் எதையெல்லாம் கொண்டு சென்றன என்பது இன்னும் முறையாகக் கேட்கப்படவில்லை. அந்தப் பட்டியல் தமிழ்நாட்டின் நீலகிரியிலுள்ள கோத்தகிரி, கூடலூர்ப் பகுதிகளில் வாழும் உறவினர் கைக்கும் சென்று சேர வேண்டும்.