வறட்சி தாங்கும் செடியா? அக்டோபரில் நடுங்கள்

தெற்கு பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலிப் பக்கம் தோட்டம் போடுபவர்களுக்கு ஒரு குறிப்பு. லாவெண்டர், ரோஸ்மேரி, சிஸ்டஸ் மாதிரிச் செடிகளை வசந்தத்தில் நடாமல் அக்டோபர், நவம்பரில் நடுங்கள். அங்கே கோடை வறண்டது. மழையெல்லாம் இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும்தான். அதைக் குடித்து வேர் ஆழமாக இறங்கிவிடும்.

நர்சரியில் பெரிய செடியைத்தான் கை தேடும். வேண்டாம், சின்னதுதான் சீக்கிரம் வேர் பிடிக்கும். சுற்றிலும் 60 செ.மீ. அகலத்தில் வட்டப்பாத்தி கட்டுங்கள். முதல் கோடையில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 லிட்டர் தண்ணீரை ஒரேயடியாக விடுங்கள். தினமும் கொஞ்சம் தெளித்தால் வேர் மேலேயே நின்றுவிடும், வெயில் ஏறியதும் வாடும்.

ரோஸ்மேரி இலையைத் திருப்பிப் பாருங்கள்: ஓரங்கள் உள்ளே சுருண்டு, அடியில் வெள்ளையாக மெல்லிய ரோமம் இருக்கும். நீர் ஆவியாவதைக் குறைக்க அதுவே செய்துகொண்ட ஏற்பாடு. இப்படிப்பட்ட செடிக்கு உரம் போட்டுக் கொழுக்க வைக்காதீர்கள்.

லாவெண்டருக்கு வறட்சியைவிடக் குளிர்கால ஈரம்தான் எமன். களிமண் என்றால் மேடு கட்டி நடுங்கள். அப்புறம், மேலே 5 செ.மீ. சரளைக்கல் பரப்பினால் களையும் குறையும்.