டென்சியோமீற்றரை மண்ணில புதைக்கமுதல்

நிலாவெளி மணல்ல சின்ன வெங்காயம் வைக்கிறன். மண் எவ்வளவு காய்ஞ்சிருக்கெண்டு பாக்கிறது டென்சியோமீற்றராலதான்: தண்ணி நிரப்பின குழாய், அடியில செரமிக் முனை, மேல கேஜ். மண் காயக் காய முனையால தண்ணியை இழுக்கும், அந்த இழுவைக்கு முள்ளு ஏறும். போன சிறுபோகத்தில கேஜ் முள்ளு எட்டைத் தாண்டவே இல்ல. மண் ஈரமா இருக்கெண்டு நம்பி, இறைக்காமல் விட்டன். தாள் நுனி மஞ்சளாகத் தொடங்கின பிறகுதான் தோண்டிப் பாத்தன்: ஒரு சாணுக்கும் வெறும் புழுதி. செரமிக் முனையில மயிரிழை வெடிப்பு. அதால காத்துப் புகுந்தா இழுவை ஏறாது, காய்ஞ்ச மண்ணையும் ஈரம் எண்டுதான் காட்டும். அதுக்குப் பிறகு சோதிக்காமல் ஒண்டையும் புதைக்கிறேல்ல.

முதல் நாள் இரவே முனையைத் தண்ணியில ஊறப் போடுங்கோ. குழாய்க்குள்ள விடுறதுக்குக் கொதிக்க வச்சு ஆறின தண்ணிதான் வேணும். பச்சைத் தண்ணியில கரைஞ்சிருக்கிற காத்து, இழுவை ஏற ஏற குமிழியா வரும். தலைக்கு எண்ணெய் வச்ச கையால முனையைத் தொடாதேங்கோ, துவாரம் அடைச்சுப்போகும்.

குமிழி போகத் தட்டி மூடினபிறகு, குழாயைக் கிடையாப் படுக்கவச்சு முனையை மட்டும் ஒரு தட்டுத் தண்ணியில நனையவிடுங்கோ. முள்ளு பூச்சியத்தில நிக்கோணும். நிமிர்த்தி முனையை வாளிக்குள்ள வச்சா, 30 சென்ரிமீற்றர் குழாய் 3 காட்டும். அது பிழையில்ல. பத்து சென்ரிமீற்றர் தண்ணிக்கு ஒரு சென்ரிபார், அதுதான் கேஜில இழுவையை அளக்கிற அலகு. தோட்டத்திலயும் அந்த மூண்டைக் கழிச்சுத்தான் வாசிக்கோணும்.

பிறகு முனையைத் துடைச்சுக் காத்துப் படுற இடத்தில தூக்குங்கோ. கச்சான் காத்து வீசுற நாளெண்டா ஒண்டு ரெண்டு மணித்தியாலத்தில எழுபதுக்குக் கிட்ட ஏறும். திரும்ப வாளியில வச்சா சில நிமிசத்தில இறங்கோணும். ஏறாட்டி எங்கயோ காத்துப் போகுது: மூடி வாசர், கேஜ் மரை, வெடிப்பு, மூண்டையும் பாருங்கோ. இறங்கச் சுணங்கினா முனை அடைச்சிருக்கு. கடலுக்குக் கிட்டக் கிணறெண்டா உப்புப் படியும். மெல்லிய அரத்தாளால மேலாகத் தேய்ச்சுக் கழுவுங்கோ.

கேஜைச் சரிபார்க்க மேசன்மார் மட்டம் பிடிக்கிற லெவல் ரியூப் போதும். கேஜைக் கழட்டி, குமிழி இல்லாமல் தண்ணி நிரப்பின ரியூப்பின்ர ஒரு நுனியில இறுக்கிப் பூட்டி, மற்ற நுனியை நிலத்தில இருக்கிற வாளித் தண்ணிக்குள்ள விடுங்கோ. ஏணியில ஏறிக் கேஜைத் தண்ணி மட்டத்தில இருந்து ஒரு மீற்றர் உயர்த்தினா 10, ரெண்டுக்கு 20, மூண்டுக்கு 30 காட்டோணும். மூண்டு உயரத்திலயும் ஒரே அளவு கூடினாலோ குறைஞ்சாலோ, அந்த வித்தியாசத்தை அழியாத மார்க்கரால கேஜிலயே எழுதிவிடுங்கோ. என்ர ஒரு கேஜில "2 கழி" எண்டிருக்கு. முள்ளு சிக்கிச் சிக்கிப் போனா அந்தக் கேஜை மாத்துங்கோ. வெங்காயத்துக்கு இந்த முப்பதுக்குள்ளதான் அலுவல். மணலுக்கு நான் 20 வந்தாலே இறைக்கிறன்.

புதைக்கேக்க அதே குழி மண்ணைச் சேறாக் கரைச்சு ஊத்தி, அதுக்குள்ள 15 சென்ரிமீற்றர் ஆழத்தில முனையை அமத்துங்கோ. மணல்ல இடைவெளி விட்டா முனைக்கும் மண்ணுக்கும் தொடர்பே இருக்காது.

இன்னொண்டு: உப்பை இந்தக் கருவி அறியாது. உவர்த் தண்ணி பாய்ச்சின பாத்தியில முள்ளு 10 காட்டேக்கயே பயிர் வாடலாம். அந்தப் பாத்திகளில நான் முள்ளைப் பாக்கிறேல்ல, விடிய வெயில் ஏறமுதல் தாளைத்தான் பாக்கிறன்.